கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்க்கை வரலாறு: பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும். "கறுப்பின அமெரிக்கர் ஒருவரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாரை எடுக்கலாம், எந்தப் புத்தகம் வாங்கலாம்?" ஊரில் இருந்தும், பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஏதாவது உருப்படியாகப் படிக்கக் கொடுக்க நினைக்கும் சிலர் இதையே கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பிப்ரவரி என்றாலே ஏன் இந்த வீட்டுப்பாடம்?

கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் தொடங்கி வைத்த வழக்கம் இது. அவருடைய தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். பள்ளிப் பாடங்களில் தன் மக்களின் வரலாறே இல்லை என்று பிப்ரவரி இரண்டாம் வாரத்தை அதற்காக ஒதுக்கினார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாள் 12ஆம் தேதி, அடிமையாகப் பிறந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்த நாள் 14ஆம் தேதி. இரண்டும் அந்த வாரத்தில் வரும். 1976 முதல் வாரம் மாதமாக நீண்டது.

இதில் ஒரு விஷயத்தைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். டக்ளஸுக்குத் தான் பிறந்த நாள் எது என்றே தெரியாது. அடிமைக் குழந்தை எந்த நாளில் பிறந்தது என்று அதற்குச் சொல்ல யாரும் அக்கறைப்படவில்லை. 14ஆம் தேதியை அவராகவே பிற்காலத்தில் தேர்ந்துகொண்டார். கேக் வெட்டிப் பழகிய பிள்ளைக்கு, அடிமைமுறை என்றால் என்ன என்று பத்துப் பக்கம் விளக்குவதைவிட இது சட்டென்று புரியும்.

கிங், ரோசா பார்க்ஸ் தவிர வேறு யாரையும் எங்களுக்குத் தெரியாது. யாரைத் தேர்ந்தெடுப்பது?

அந்த இருவரையும் வகுப்பில் பாதிப் பேர் எடுத்திருப்பார்கள். ஆளைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் பிள்ளைக்கு எதில் பைத்தியம் என்று யோசியுங்கள். அங்கிருந்து தொடங்கினால் ஆள் தானாகக் கிடைத்துவிடுவார்.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை என்றால் வில்மா ருடால்ஃப். டென்னசி மாநிலத்தில் 1940இல், 22 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 20ஆவதாகப் பிறந்தவர். போலியோ தாக்கி, காலில் இரும்புப் பட்டை மாட்டி நடந்தவர். பக்கத்தில் கறுப்பினத்தவருக்கு மருத்துவம் பார்க்கும் இடம் இல்லாததால் அவருடைய அம்மா ஏறக்குறைய 50 மைல் தள்ளியிருந்த நாஷ்வில் மருத்துவமனைக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் அண்ணன் அக்காமார் முறைவைத்துக் காலை நீவிவிட்டார்கள். அந்தக் காலோடுதான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. சொந்த ஊரில் வரவேற்பு ஊர்வலம் என்றார்கள். கறுப்பர் தனி, வெள்ளையர் தனி என்று பிரித்து நடத்துவதாக இருந்தால் வரமாட்டேன் என்றார் வில்மா. அந்த ஊரில் இரு தரப்பும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி அதுதான். அப்போது அவருக்கு வயது 20.

கணக்கு என்றால் கேத்தரின் ஜான்சன். சின்ன வயதில் படிக்கட்டு, தட்டு, டம்ளர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர். அவர்கள் ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்கவைக்கக் குடும்பமே 120 மைல் தள்ளி ஜாகை மாற்றியது. பின்னாளில் நாசாவில் வேலை பார்த்தார். 1962இல் ஜான் கிளென் என்ற வீரர் விண்வெளிக்குக் கிளம்பும் முன், கணினி போட்ட கணக்கை இந்தப் பெண் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டது இவரைப் பற்றித்தான். பிள்ளையின் படிப்புக்காக ஊர் மாறிய பெற்றோர் நம்மில் நிறையப் பேர். அந்த அத்தியாயம் உங்களுக்கும் பிடிக்கும்.

விமானம் பிடிக்குமென்றால் பெஸ்ஸி கோல்மன். சிகாகோவில் முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களுக்கு நகம் திருத்தும் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்க்கவில்லை என்பதால் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, பிரான்சுக்குக் கப்பலேறி, 1921 ஜூனில் விமானி உரிமம் வாங்கினார். விண்வெளி என்றால் 1992இல் எண்டெவர் விண்கலத்தில் போன மருத்துவர் மே ஜெமிசன். செடிகொடி, மண் என்றால் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கவிதை எழுதும் பிள்ளை என்றால் ஃபிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் பாஸ்டனில் விற்கப்பட்டு, கொண்டுவந்த கப்பலின் பெயரையே பெயராகச் சுமந்து, 1773இல் லண்டனில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஜாக்கி ராபின்சன். பேஸ்பால் விதிமுறை கொஞ்சம் விளக்க வேண்டிவரும், பரவாயில்லை. வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்கில் 1947 ஏப்ரல் 15 அன்று இறங்கினார். அவருடைய 42ஆம் எண் சட்டையை இன்று எந்த அணியும் வீரர்களுக்குக் கொடுப்பதில்லை. அதற்கு முன்பு ராணுவத்தில் அதிகாரியாக இருந்தபோது, 1944இல், பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்னதற்கு மறுத்து ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையானவர். ரோசா பார்க்ஸுக்கு 11 வருடம் முன்னால். இதைச் சொல்லாத ஜாக்கி ராபின்சன் புத்தகம் விளையாட்டுச் செய்தியோடு நின்றுவிட்டது என்றுதான் நினைப்பேன்.

என் பெண்ணுக்கு ஏழு வயது. படப்புத்தகம் போதுமா?

போதும். இந்த வயதுக்கு ரூபி பிரிட்ஜஸ். 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதில், நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த தொடக்கப் பள்ளிக்குள் மத்திய அரசின் காவல் அதிகாரிகளான நான்கு மார்ஷல்கள் சூழ நடந்துபோன கறுப்பினச் சிறுமி. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க ஒரு வகுப்பறை, ஒரு மாணவி, ஒரே ஆசிரியை. பார்பரா ஹென்றி என்ற அந்த ஆசிரியை பாஸ்டனில் இருந்து வந்தவர்.

ஏழு வயதுப் பிள்ளை இதை உடனே தன்னோடு பொருத்திப் பார்க்கும். "மதியம் யாரோடு சாப்பிட்டாள்? யாரோடு விளையாடினாள்?" என்று கேட்கும். நல்ல புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கும்.

கூடவே ரூபியைப் பற்றி நார்மன் ராக்வெல் வரைந்து 1964இல் வெளிவந்த ஓவியத்தையும் காட்டுங்கள். வெள்ளை உடுப்பு போட்ட சிறுமி, கையில் அளவுகோலும் நோட்டும். முன்னும் பின்னும் மார்ஷல்கள் நடக்கிறார்கள். அவர்களுக்குத் தலை தெரியாது, தோளோடு படம் முடிந்துவிடும். சுவரில் தக்காளி எறிந்த கறை. மார்ஷல்களின் தலையை ஓவியர் ஏன் விட்டுவிட்டார் என்று பிள்ளையைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

புத்தகம் நல்லதா, சுமாரா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது? முழுதாகப் படிக்க நேரமில்லை.

முழுதாகப் படிக்க வேண்டாம், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஊர் முழுக்கத் தவறாகச் சொல்லப்பட்டு வரும் ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். அதை எழுதியவர் அங்கே உழைத்திருந்தால் மற்ற பக்கங்களையும் நம்பலாம்.

ரோசா பார்க்ஸையே எடுத்துக்கொள்வோம். அரைத்த மாவையே அரைக்கும் புத்தகங்களில் கதை இப்படிப் போகும்: வயதான தையல்காரப் பெண், நாள் முழுக்க உழைத்த களைப்பு, கால்வலி, அதனால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார், நாடே மாறிவிட்டது. 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரி நகரப் பேருந்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு வயது 42. களைப்பினால்தான் எழவில்லை என்று சொல்வது உண்மையில்லை என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பணிந்து பணிந்து போய்த்தான் சலித்துவிட்டது என்கிறார். தையல் வேலை உண்மைதான். ஆனால் அதற்கு 12 வருடம் முன்பிருந்தே கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையில் செயலாளர். 1944இல் ரீசி டெய்லர் என்ற பெண்ணை வெள்ளையர் கும்பல் ஒன்று வன்கொடுமை செய்தபோது விசாரிக்கப் போனவர். அந்தப் பேருந்தின் ஓட்டுநரே 1943இல் ஒருமுறை அவரை இறக்கிவிட்டிருக்கிறார். அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையருக்கான முன்வரிசையிலும் இல்லை. கறுப்பினத்தவர் உட்காரலாம், வெள்ளையர் வந்தால் எழ வேண்டும் என்றிருந்த நடு வரிசை. ஒரே ஒரு வெள்ளையர் உட்காரத் தோதாக நான்கு பேரை எழச் சொன்னார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள்.

இன்னொன்றையும் தேடுங்கள். கிளாடெட் கால்வின் என்ற பெயர் இருக்கிறதா? 15 வயதுப் பள்ளி மாணவி. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், அதே ஊரில், அதே காரணத்துக்காகக் கைதானவர். பேருந்துப் பிரிவினையை ஒழித்த வழக்கில் மனுதாரர்களாக இருந்த நான்கு பெண்களில் ஒருவர். பார்க்ஸ் அந்த வழக்கில் மனுதாரரே இல்லை. பார்க்ஸ் கைதானதை எதிர்த்து 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு எத்தனை கூட்டம், எத்தனை துண்டறிக்கை, எத்தனை இரவு விழிப்பு தேவைப்பட்டிருக்கும்? களைத்துப்போன தையல்காரி கதையில் இதெல்லாம் காணாமல் போய்விடும். தானாக நடந்தது போலத் தோன்றும். பிள்ளைக்கு நாம் கொடுக்க நினைப்பது அதையல்ல என்றே நம்புகிறேன்.

மற்றவர்களுக்கும் இப்படி ஒரு சோதனைப் பக்கம் சொல்ல முடியுமா?

ஹாரியட் டப்மன்: அடிமைத்தனத்திலிருந்து தப்பி, திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் தப்பவைத்தவர். எண்ணிக்கையைப் பாருங்கள். 19 பயணம், 300 பேரை மீட்டார் என்று இருந்தால் அது 1860களில் சாரா பிராட்ஃபோர்டு எழுதிய பழைய நூலின் மிகை. இன்னும் அப்படியே பிரதியெடுக்கிறார்கள். இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை என்பதற்கும் ஆதாரம் கிடையாது. 1849இல் உண்மையில் வெளிவந்த விளம்பரம் ஒன்று இருக்கிறது: தப்பியோடிய அவரையும் இரு சகோதரர்களையும் மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர். 40,000 என்பதைவிட இந்த 100தான் எனக்குப் பகீரென்கிறது. மூன்று மனிதர்களுக்கு, ஓடிப்போன மாட்டுக்கு அறிவிப்பது மாதிரி. சோதனையின் மறுபாதி, உள்நாட்டுப் போரின்போது, 1863இல், கம்பாஹி ஆற்றங்கரையில் அடிமைமுறையை எதிர்த்த வடக்குப் படையோடு போய் 700க்கும் மேற்பட்டோரை விடுவித்த இரவு புத்தகத்தில் இருக்கிறதா என்பது. கையில் லாந்தர் விளக்கோடு காட்டில் நடக்கும் படத்தோடு பல புத்தகங்கள் முடிந்துபோகின்றன.

கார்வர்: "பீநட் பட்டரைக் கண்டுபிடித்தவர்" என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அவர் கண்டுபிடிக்கவில்லை. பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணில் நிலக்கடலையும் தட்டைப்பயறும் போட்டால் மண் உயிர்பெறும் என்று ஏழை விவசாயிகளுக்குக் காட்டியதுதான் அவர் செய்த பெரிய வேலை. விவசாயிகள் அவர் வேலை பார்த்த கல்லூரிக்கு வர முடியாது என்று 1906இல் கல்லூரியையே கோவேறு கழுதை இழுக்கும் வண்டியில் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு 105 சமையல் குறிப்புகள் கொண்ட சிறு நூல் 1916இல் வந்தது. கடலை விளையும் ஊரில் இருந்து வந்தவர்கள் தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படிக்கலாம்.

மார்ட்டின் லூதர் கிங்: 1963 கனவு உரையோடு முடிந்து, அடுத்த பக்கத்தில் சுடப்பட்டு இறந்தாரா? நடுவே ஐந்து வருடம் எங்கே போயிற்று? 1966இல் சிகாகோவின் வாடகைக் குடியிருப்புகள், 1967இல் வியட்நாம் போருக்கு எதிரான பேச்சு, கடைசியில் 1968இல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். அவர்களுக்குத் துணையாகப் போன ஊரில்தான் கொல்லப்பட்டார். வயது 39. அரசாங்கத்தின் உளவு அமைப்பு அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டதையும் சொல்லும் புத்தகம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

ஜெஸ்ஸி ஓவன்ஸ்: 1936 பெர்லினில் நான்கு தங்கம் வென்ற அவருக்கு ஹிட்லர் கைகொடுக்க மறுத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஓவன்ஸ் வெல்வதற்கு முன்பே, வாழ்த்தினால் எல்லோரையும் வாழ்த்துங்கள், இல்லையேல் யாரையும் வேண்டாம் என்று ஒலிம்பிக் குழு ஹிட்லரிடம் சொல்லியிருந்தது. நல்ல புத்தகம் ஊர் திரும்பியதையும் எழுதும். சொந்த நாட்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை, பிழைப்புக்காகக் குதிரையோடு பந்தயம் ஓடினார். ஒரு கொசுறு: 200 மீட்டரில் அவருக்கு அடுத்ததாக வந்த மேக் ராபின்சன், மேலே சொன்ன ஜாக்கி ராபின்சனின் அண்ணன்.

புத்தகத்தில் நிறைய உரையாடல் வருகிறது. "அம்மா, நான் ஒருநாள் பறப்பேன்" என்கிற மாதிரி. இதெல்லாம் உண்மையில் பேசியதா?

பெரும்பாலும் இல்லை. ஆசிரியர் கற்பனை. படப்புத்தகத்தில் ஓரளவு மன்னிக்கலாம். எட்டு வயதுக்கு மேல் என்றால் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஆசிரியர் குறிப்பு, கால வரிசை, மேற்கோள் எங்கிருந்து எடுத்தது என்ற பட்டியல், புகைப்படம் யாருடையது என்ற விவரம் இருக்கிறதா? எது கற்பனை என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் அவரை நம்பலாம். கடைசிப் பக்கத்தில் விளம்பரம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடிமைமுறை, சவுக்கடி, கொலை எல்லாம் வருமே. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பயந்துதான் பலரும் சிரித்த முகப் புத்தகமாகப் பார்த்து வாங்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் பெரிய பதிப்பகமான ஸ்காலஸ்டிக், வெளியிட்ட சில நாட்களிலேயே ஒரு படப்புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டனின் சமையற்காரராக இருந்த ஹெர்குலிஸ் என்ற அடிமை, தன் மகளோடு சேர்ந்து எஜமானின் பிறந்தநாளுக்குச் சிரித்தபடி கேக் செய்யும் கதை. அந்த ஹெர்குலிஸ் உண்மையில் 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் 65ஆவது பிறந்தநாள் அன்றே, தப்பியோடிவிட்டார். மகள் அடிமையாகவே இருந்தாள். கதையில் இதெல்லாம் இல்லை, பின்குறிப்பில் இருந்தது. சின்னப் பிள்ளைக்கு என்று பூசி மெழுகினால் கடைசியில் பொய்தான் மிஞ்சும்.

என் அளவுகோல் இது. ஏழெட்டு வயதுக்கு, "மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினார்கள், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள்" என்ற அளவுக்குச் சொல்லலாம். அதற்கே பிள்ளைக்குக் கோபம் வரும், வரட்டும். அடி, காயம் பற்றிய நேரடி விவரணை பத்து வயதுக்கு மேல். 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையரால் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பற்றிய பக்கங்கள் பன்னிரண்டுக்குப் பிறகு, அதுவும் நீங்கள் முதலில் படித்துவிட்டு. ரோசா பார்க்ஸ், கால்வின் பற்றிய பெரிய புத்தகங்களில் அந்தச் சிறுவன் கட்டாயம் வருவான். சில புத்தகங்களில் புகைப்படமும் இருக்கும், முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பையனுக்குப் பதின்மூன்று. அவர்களே எழுதிய தன்வரலாற்றைக் கொடுக்கலாமா?

கொடுங்கள். முதலில் ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதியது. சிறிய நூல். காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசம்.

ஆனால் முதல் அத்தியாயத்தில் இருந்து தொடங்கவேண்டாம். சிறுவன் டக்ளஸ் ஒளிந்திருந்து பார்க்க, அவருடைய சித்தி ஹெஸ்டரைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கும் காட்சி அங்கேயே வந்துவிடும். அதைத் தாங்கும் வயது என்று தெரிந்தால் சரி. இல்லையென்றால் ஆறாவது, ஏழாவது அத்தியாயத்தை முதலில் கொடுத்துப் பாருங்கள். பால்டிமோரில் எஜமானி அம்மாள் டக்ளஸுக்கு அ ஆ சொல்லித்தரத் தொடங்குகிறார். கணவர் பார்த்துவிட்டு, படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று தடுக்கிறார். அந்த வார்த்தையே சிறுவனுக்கு வழிகாட்டிவிடுகிறது. அப்புறம் சட்டைப்பையில் ரொட்டியோடு தெருவுக்குப் போவான். பசித்திருக்கும் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி, பதிலுக்கு அவர்கள் ஒரு பாடம். எழுதக் கற்றது இன்னும் சுவாரசியம். கப்பல் கட்டும் தளத்தில் மரத்துண்டுகளில் தச்சர்கள் அது கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று ஓரிரு எழுத்தில் குறித்து வைப்பார்கள். அதைப் பார்த்து நான்கு எழுத்து கற்றுக்கொண்டு, "உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன்" என்று சிறுவர்களைச் சீண்டுவான். அவர்கள் வீம்புக்குத் தங்களுக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் எழுதிக் காட்டுவார்கள். இவன் அதையும் பிடித்துக்கொள்வான். ஆங்கிலம் பழைய நடைதான், ஆனாலும் இந்த இடத்தில் பதின்மூன்று வயதுப் பையன் புத்தகத்தை மூடமாட்டான்.

மாயா ஏஞ்சலோவின் தன்வரலாற்றின் முதல் பாகமும் மால்கம் எக்ஸின் தன்வரலாறும் அற்புதமானவை. ஆனால் ஏஞ்சலோ தனக்குச் சிறுவயதில் நடந்த பாலியல் வன்முறையை அதில் எழுதியிருக்கிறார். அவை இரண்டும் பதினைந்து, பதினாறுக்கு.

அட்டையில் விருது முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

அமெரிக்க நூலகச் சங்கத்தின் கொரெட்டா ஸ்காட் கிங் விருது முத்திரை இருந்தால் பெரும்பாலும் நல்ல புத்தகம்தான். கிங்கின் மனைவி பெயரில், 1970இல் இருந்து, கறுப்பின அமெரிக்க எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் நாவலுக்கும் கவிதைக்கும்கூட இதே முத்திரைதான். வாழ்க்கை வரலாறுதானா என்று பின்னட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புனைவல்லாத சிறுவர் நூல்களுக்கு மட்டும் கொடுக்கும் சைபர்ட் விருதும் கவனிக்கத்தக்கது.

பெரிய தலை, சின்ன உடம்பு படம் போட்ட 'ஹூ வாஸ்' வரிசைப் புத்தகங்கள் மட்டம் என்கிறார்களே?

மட்டம் என்று சொல்லமாட்டேன். எட்டு முதல் பதினொன்று வரை, படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளையும் படிக்கவைத்துவிடும். குறை என்னவென்றால் எல்லோர் வாழ்க்கையும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி ஓடும். முதலில் அதைப் படிக்கட்டும், ஆளைப் பிடித்திருந்தால் அடுத்ததாகக் கனமான ஒன்று.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா என்று எப்படிப் பார்ப்பது?

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம், அல்லது நீங்கள் கூட உட்கார்ந்து படிக்கலாம்.

கேத்தரின் ஜான்சன் பற்றி 'ஹிடன் ஃபிகர்ஸ்' படம் பார்த்துவிட்டோம். புத்தகமும் வேண்டுமா?

வேண்டும். படத்தில் மேலதிகாரி, கறுப்பினப் பெண்களுக்கு என்று எழுதியிருந்த கழிப்பறைப் பலகையை அடித்து உடைப்பார், திரையரங்கில் கைதட்டு விழும். அது நடக்கவே இல்லை. அந்த அதிகாரியே பலரைக் கலந்து செய்த பாத்திரம். ஜான்சன் பக்கத்தில் இருந்த, வெள்ளையர் பயன்படுத்திய கழிப்பறைக்கே போய்வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரு வெள்ளை அதிகாரி வந்து உடைத்துக் கொடுப்பதைவிட, அவராகவே போய்வந்தது பெரிய விஷயம் என்பேன். மூலநூலை எழுதிய மார்கோ லீ ஷெட்டர்லி சிறுவர்களுக்கென்று ஒரு சுருக்கப் பதிப்பும் கொண்டுவந்திருக்கிறார். ஜான்சனே 100 வயதில் இளையோருக்காகத் தன் கதையை எழுதினார், 2019இல் வந்தது. நான் என்றால் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஒபாமா? கமலா ஹாரிஸ்?

கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர், அப்பா ஜமைக்காக்காரர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஈர்ப்பு இருக்கும், தவறில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் அவசரமாக அச்சடித்த அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் துதிபாடல். வெளியான வருடத்தைப் பாருங்கள். பராக் ஒபாமா 1995இல், அரசியலுக்கு வருமுன் எழுதிய தன்வரலாறு இந்த ரகத்தில் சேராது. அதற்கும் மிஷெல் ஒபாமாவின் நூலுக்கும் இளையோர் பதிப்புகள் 2021இல் வந்தன. பன்னிரண்டு வயதுக்கு மேல் நன்றாக இருக்கும்.

பெண்ணைப் பற்றிய புத்தகம் வேண்டாம் என்கிறான் பையன்.

டப்மன் துப்பாக்கி வைத்திருந்தார், ராணுவத்துக்கு உளவு பார்த்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழில் ஏதாவது கிடைக்குமா?

பெரியவர்களுக்குச் சில உண்டு. அலெக்ஸ் ஹேலியின் 'ஏழு தலைமுறைகள்' பலர் வீட்டு அலமாரியில் இருக்கும். அது நாவல், சிறுவருக்கானதும் அல்ல. ஆனால் பிள்ளையோடு பேசும்முன் நீங்கள் படித்துக்கொள்ள நல்லது. சிறுவர்களுக்குத் தமிழில் வரும் சின்னச் சின்ன வரலாறுகளில் பல, மேலே சொன்ன களைப்பு, பீநட் பட்டர் கதைகளை அப்படியே இறக்கியவை. அதே சோதனைப் பக்கத்தை இங்கேயும் வையுங்கள். ஆங்கிலப் புத்தகத்தை நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக்காட்டுவது இன்னொரு வழி. பாட்டியும் கேட்பார்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சரி, ஊரில் வளரும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

1959இல் கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது அதன் தலைமையாசிரியர், "அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்" என்று அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும்கூட. பிறகு தன் மக்கள் வாழும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததாக 1965இல் தேவாலயத்தில் பேசும்போது அவரே சொன்னார். அதற்கு முன்பே, 1946இல், அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரு சமூகங்களின் நிலையும் ஒன்றுபோல இருக்கிறது என்று.

ரூபி பிரிட்ஜஸ் கதையைப் படித்த பிள்ளை, "நம் ஊரில் இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்கும். தனிக் குவளை, தனிச் சுடுகாடு பற்றிச் சொல்ல நீங்கள் தயாராக இருங்கள். அமெரிக்காவில் மட்டும் நடந்த கொடுமை என்று சொல்லி முடித்துவிட்டால் ஐந்தாறு வருடத்தில் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. அமெரிக்காவில் ஊர் நூலக அட்டை இருந்தால் லிபி (Libby) என்ற மின்னூல் செயலியில் இரவல் எடுக்கலாம். பிப்ரவரியில் எல்லோரும் பாய்வார்கள், ஜனவரி நடுவிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் முதலில் தேடிப் பார்க்கலாம்.

பாதி படித்துவிட்டு போரடிக்கிறது என்று வைத்துவிட்டாள். என்ன செய்வது?

விடுங்கள். அவளுக்குப் பிடித்த விஷயத்தில் வேறொருவரை எடுங்கள். வீட்டுப்பாடத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்றால் நாற்பது பக்கப் படப்புத்தகம் ஒன்றே போதும். எந்த ஆசிரியரும் பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடப்போவதில்லை.